துவாஸில் ரசம்: அன்றும் இன்றும்

துவாஸ் சிங்கப்பூரின் மேற்குக் கோடி. முன்பு மீனவர் கிராமம். பிறகு கடலைத் தூர்த்து எழுந்த தொழிற்பேட்டை. 2022இல் திறக்கப்பட்ட பெருந்துறைமுகமும் அங்கேதான். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து இளைஞர்கள் அங்கே கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் உழைக்கிறார்கள். அவர்கள் அன்று வைத்த ரசமும் இன்று சாப்பிடும் ரசமும் ஒன்றல்ல.

அன்று வேலையிடத்துக்குள்ளேயே தகரமும் பலகையும் அடித்த கொட்டகைதான் பலருக்கும் தங்குமிடம். கூட்டாகப் பணம் போட்டுச் சாமான் வாங்கி, முறை வைத்துச் சமைத்தார்கள். அம்மி ஏது? மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் கையில் கிடைத்ததைக் கொண்டு நசுக்கினார்கள். புளியைக் கரைத்து, தக்காளியைக் கையால் பிசைந்து, பருப்பு வெந்த தண்ணீர் இருந்தால் அதையும் ஊற்றினார்கள். நுரை கூடிப் பொங்கி வரும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ரசத்தின் சூட்சுமமே அதுதான். தளதளவென்று கொதிக்க விட்டால் மிளகு, சீரகத்தின் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். புளிப்பும் காரமும் மட்டுமே தங்கும். ஊரில் அடுப்படிப் பக்கமே போகாத பையன்கள் இந்தப் பக்குவத்தைக் கொட்டகையில்தான் கற்றார்கள். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, "இப்ப இறக்குடா தம்பி" என்று சொல்லிக்கொடுத்தார்.

சாமான் வாங்க ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போவார்கள். 1990 முதல் 2009 வரை மேற்கே கடைசி ரயில் நிலையம் பூன் லே; துவாஸிலிருந்து அந்த நிலையம்வரை பேருந்து. 2003இல் லிட்டில் இந்தியா நிலையம் வருவதற்கு முன், பூகிஸில் இறங்கி நடப்பார்கள். திரும்பும்போது ஒரு வாரத்துக்கான புளியும் மிளகும் கையில் இருக்கும்.

இன்று ரயில் துவாஸுக்கே வந்துவிட்டது. 2017 ஜூனில் துவாஸ் லிங்க் நிலையம் திறந்தது. ஊட்ரம் பார்க்கில் மாறினால் தேக்கா. இப்போது தங்கும் தொழிலாளர் விடுதிக்குள் இருக்கும் கடையிலேயே ரசப்பொடி பாக்கெட்டும் புளிக்கரைசலும் கிடைக்கின்றன. பக்குவம் தெரியாவிட்டால் கைபேசியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொள்ளலாம். 1,000 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட விடுதிகளுக்கு 2016இல் தனிச் சட்டம் வந்தது. 2021இல் வந்த விதிப்படி புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. கொட்டகை வாழ்க்கையை ஏக்கத்தோடு நினைக்க எதுவுமில்லை. மழைக்கு ஒழுகாத கூரை பெரிய விஷயம்.

ஆனால் ரசம் அடுப்பைவிட்டுத் தூரம் போய்விட்டது. இருட்டோடு லாரியேறி, இருட்டிய பிறகு திரும்புகிறவருக்குச் சமைக்க நேரம் ஏது? பலர் கேட்டரிங் சாப்பாட்டுக்கு மாறிவிட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் எங்கோ பெரிய சமையற்கூடத்தில் கொதித்த ரசம், பிளாஸ்டிக் பையில் முடிச்சிட்டு, விடியுமுன்னே விடுதிக்கு வருகிறது. அதைப் பிரித்துச் சோற்றில் ஊற்றும்போது நடுப்பகல். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது கேட்டரிங் உணவுக்குச் சிங்கப்பூரில் சொல்லப்படும் அறிவுரை. துவாஸ் வெயிலில் அது எத்தனை பேருக்கு வாய்க்கும்? 2020 தொற்றுக்காலத்தில் விடுதிச் சமையலறைகள் மூடிக் கிடந்தன. மாதக்கணக்கில் மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு. கையில் காசிருந்தும் சொந்தமாய் ஒரு ரசம் வைத்துக்கொள்ள முடியாத நாட்கள் அவை.

பாக்கெட் பொடியை நான் குறை சொல்ல மாட்டேன். இறக்கும் நேரத்தில் அரைக் கரண்டி மிளகு சீரகத்தைத் தட்டிப் போட்டால் அந்தப் பொடி ரசமும் எழுந்து நிற்கும். அதற்கு வேண்டியது ஓர் அடுப்பும் கால் மணி நேரமும்தான். துவாஸில் இனி விடுதி கட்டுபவர்கள் படுக்கைகளை எண்ணும்போதே அடுப்புகளையும் எண்ண வேண்டும்; ஆட்களை வேலைக்கு அனுப்புபவர்கள், வாரத்தில் இரண்டு நாளாவது அவர்கள் பொழுதோடு திரும்ப வழி செய்ய வேண்டும்.