உப்புக் காற்றில் ஒரு செருகுவாய்

2022 மார்ச் இறுதியில், இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டது. வீட்டுச் சுவரில் மின்சாரம் அற்றுப்போன அந்நாட்களிலும், வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் வயிற்றில் 12 வோல்ற்று மின்கலம் ஒன்று இருக்கவே செய்தது. பெற்றோலுக்கும் பஞ்சம் என்பது வேறு கதை!

அதிலிருந்து கைத்தொலைபேசிக்கு மின்னூட்ட ஒரு செருகுவாய் அமைப்பது எளிது. எளிதென்பதாலேயே பிழையும் மலிகின்றது. நேர்முனையிலிருந்து புறப்படும் கம்பியில், மின்கலத்தை ஒட்டியே 5 அம்பியர் உருகி அமைதல் வேண்டும். அதனைச் செருகுவாயருகே வைத்தால், இடைப்பட்ட கம்பி இரும்புச் சட்டத்தில் உராய்ந்து தோலுரியும் நாளில் தீயைத் தடுப்பது எது? இணைப்பு, வண்டிச் சாவிக்கு அடங்கியும் இருத்தல் வேண்டும். இல்லையேல், 10 வாற்று வாங்கும் ஊட்டி, 5 அம்பியர்-மணி கொள்ளும் சிறு மின்கலத்தை ஏறக்குறைய ஆறு மணிநேரத்தில் வெறுமையாக்கிவிடும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எனக் கடலை அணைத்துச் செல்லும் சாலைக்கு இன்னொரு பகையும் உண்டு. உப்புக் காற்றில் செப்புமுனை பச்சை பூக்கும்; தடை ஏறும்; முனை சூடாகும். அதற்கெனவே செருகுவாய்க்கு ரப்பர் மூடி வைத்திருக்கின்றனர். பொத்துவில் நோக்கிப் புறப்படும் நம் இளைஞரோ அதனைத் திறந்தபடியே விட்டுவிடுகின்றனர்.