கையில் இருந்த பச்சை காகிதத்துக்கு வந்த கதை

2024-ம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியலில் பீகார் மாநிலம் மதுபனியைச் சேர்ந்த ஒரு தம்பதியின் பெயர் இருந்தது. சாந்தி தேவி பாஸ்வான், சிவன் பாஸ்வான். இருவரும் துசாத் என்னும் பட்டியல் சாதியில் பிறந்த ஓவியர்கள். 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர்கள் என்று மத்திய அரசின் குறிப்பு சொல்கிறது. அவர்கள் வரையும் பாணிக்கு 'கோத்னா' என்று பெயர். அந்தப் பாணிக்கு வழிபோட்டவர் ஜித்வார்பூர் கிராமத்துச் சானோ தேவி. நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அது.

மதுபனி இருப்பது மிதிலை நாட்டில். நம் டெல்டாவைப் போலவே ஆறும் நெல்லும் வெள்ளமும் உள்ள பூமி. அங்கே திருமண வீட்டில் மணமக்கள் தங்கும் அறையின் சுவரில் பெண்கள் தாமரை, மூங்கில், மீன், சாமி உருவங்கள் எல்லாம் வரைவார்கள். 1934 பூகம்பத்தில் வீடுகள் இடிந்து விழுந்தபோதுதான், சேதம் பார்க்கப் போன ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தச் சுவர்களைப் பார்த்தார். பிறகு 1966-67-ல் கடும் வறட்சி. பெண்களுக்கு வருமானம் கிடைக்கட்டும் என்று அகில இந்தியக் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரைக் காகிதத்தோடு அனுப்பியது. சுவர்ப்படம் காகிதத்துக்கு வந்தது, காசும் வந்தது.

ஆனால் அந்தக் காகிதம் முதலில் போய்ச் சேர்ந்தது பிராமண, காயஸ்த வீடுகளுக்குத்தான். வறட்சியில் முதலில் பட்டினி கிடந்தது யார் என்பதை டெல்டாக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

துசாத் பெண்கள் வரைய வந்தது 1970-களின் தொடக்கத்தில். எரிகா மோசர் என்ற ஜெர்மன் மானிடவியல் ஆய்வாளர் அவர்களையும் வரையச் சொன்னார். (இதைச் சொல்லவும் கடல் தாண்டி ஒருவர் வர வேண்டியிருந்தது.) என்ன வரைவது? மேல்சாதிப் பெண்களின் சாமிப் படங்கள் அவர்கள் வீட்டுச் சடங்கோடு பிறந்தவை. அதைப் பார்த்து எழுதினால் நகல் என்றுதான் பெயர் வரும். சானோ தேவி தங்கள் பெண்களின் உடம்பையே பார்த்தார். கையிலும் காலிலும் பச்சை குத்தியிருந்தது. கோத்னா என்றாலே பச்சை குத்துவதுதான்.

நம் பக்கத்திலும் நடவுக்குப் போன பாட்டிகளின் முன்கையில் கோலமும் புள்ளியும் பச்சையாகக் கிடக்கின்றன. குறவர் பெண்கள் ஊர் ஊராக வந்து குத்திவிட்டது. தஞ்சாவூர் ஓவியம் என்று உலகம் அறிந்ததில் தங்க ரேக்கும் கல்லும் கிருஷ்ணனும் உண்டு. அந்தக் கையை எந்த ஓவியத்திலும் நாம் பார்த்ததில்லை.

சானோ தேவி அந்தச் சின்னச் சின்னக் குறிகளைக் காகிதத்தில் வரிசையாகவும் வட்டம் வட்டமாகவும் அடுக்கினார். மூங்கில் குச்சியே பேனா. இலை, பூ, பட்டையிலிருந்து சாயம். குறிகளோடு மனித உருவங்கள் வந்தன. அவற்றுக்கு நடுவில் ராஜா சல்ஹேஸ் வந்தார்.

சல்ஹேஸ் துசாத் மக்களின் வீரன், காவல்காரன், தெய்வம். யானை மேல் வருவார். தம்பிமார் குதிரையில் வருவார்கள். பூக்காரப் பெண்கள் கூட நிற்பார்கள். அவருடைய கோயில்களில் மண் உருவங்கள் இருக்கும். நம் ஊர் எல்லையில் நிற்கும் மதுரைவீரனை நினைத்துக்கொண்டால் போதும். அவனும் கதையில் அருந்ததியர் வீட்டில் வளர்ந்து காவலுக்குப் போனவன்தான். வாய்வழியாகப் பாடப்பட்டு வந்த சல்ஹேஸின் கதையைச் சானோ தேவி காகிதத்தில் ஏற்றினார்.

ஓவியப் பள்ளி எதிலும் படிக்காதவர் அவர். அவரைப் பார்த்து மற்றத் துசாத் பெண்கள் எழுதினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண்கள். அதே ஜித்வார்பூரில் சமார் சாதியைச் சேர்ந்த ஜமுனா தேவி இன்னொரு வேலை செய்தார். காகிதத்தில் சாணிக் கரைசலைப் பூசிக் காயவைத்து, மெழுகிய மண்சுவர் மாதிரி ஆக்கிவிட்டு அதன்மேல் வரைந்தார். தொழுவத்தில் சாணி அள்ளுகிறவளைத் தாழ்வாக நினைத்த ஊரில், அந்தப் பழுப்பு நிறத்தைப் பிறகு பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

மிதிலை ஓவியத்துக்கு முதல் பத்மஸ்ரீ 1975-ல் ஜகதம்பா தேவிக்குக் கிடைத்தது. சாந்தி தேவிக்கும் சிவனுக்கும் கிடைத்தது 2024-ல். இடையில் 49 ஆண்டுகள். சானோ தேவி போட்ட பாதைக்கு டெல்லியிலிருந்து பார்வை திரும்ப அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. இதற்கிடையே 2021-ல் துலாரி தேவி பத்மஸ்ரீ பெற்றார். மீனவச் சாதியில் பிறந்து, மகாசுந்தரி தேவி என்ற ஓவியர் வீட்டில் வேலைக்காரியாக இருந்துகொண்டே தூரிகை பிடித்தவர். அவர் கதையைச் சென்னை தாரா புக்ஸ் படப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. பள்ளி நூலகத்துக்குக் கேட்டு வாங்கலாம்.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிக்கு நம் தெருப் பிள்ளைகளும் போக வேண்டும். போகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பாயி, அம்மாயி கையில் இருக்கும் பச்சையை ஒரு நோட்டில் அப்படியே பார்த்து வரையுங்கள். எந்த ஊரில் குத்தியது, அப்போது என்ன வயது, கூலியாக எத்தனை படி நெல் அளந்தார்கள் என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் அந்தப் பச்சை உள்ளவர்கள் அபூர்வம்.