பந்தல் முழுக்கப் பழுத்தால்
கொல்லைப்புற அறுவடை – 9

பல்லடம் சாலையில் அருள்புரத்தைத் தாண்டும்போது சாயப்பட்டறையும் நிட்டிங் யூனிட்டும்தான் கண்ணில் படும். திராட்சைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பனியன் கம்பெனி வேலைக்குத் தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள் திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். சொந்த ஊரில் கவாத்து வெட்டும்போது விழுகிற குச்சிகளில் நாலு கணு உள்ள ஒன்றை எடுத்துவந்து நட்டால் வேர் பிடித்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றபடி மொட்டை மாடிக்குக் கொடியை ஏற்றிப் பந்தல் போட்டுவிட்டால் காய்க்க வைப்பது பெரிய வித்தை இல்லை. காய்த்ததை என்ன செய்வது என்பதுதான் இந்த வாரத்துப் பிரச்சினை.

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாற்றிக் கவாத்து செய்கிறார்கள். அதனால் அங்கே வருஷம் பூராவும் திராட்சை உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமைகளில் இதுவும் ஒன்று. வீட்டில் இருப்பதோ ஒற்றைக் கொடி. மார்கழி, தையில் வெட்டினால் சித்திரையில் பழம். வைகாசி, ஆனியில் வெட்டினால் ஆவணியில் பழம். எப்போது வந்தாலும் மொத்தமாகத்தான் வரும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சுகிற கூடைகளைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஜாம். அங்கேதான் எனக்கு ஆட்சேபம்.

பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதன் ரோஜா மணம் மஸ்கட் வம்சத்துச் சொத்து. நிறம் முழுக்கத் தோலில்தான். மணமும் பெரும்பாலும் அங்கேதான். பழத்தைப் பிதுக்கினால் உள்ளே வெளிறிய பச்சைதான் இருக்கும். நிறம் இறங்கச் சூடு வேண்டும். சூடு மிஞ்சினால் மணம் ஆவியோடு போய்விடும். ஜாமுக்குத் தளதளவென்று கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்ச வேண்டும். கடைசியில் கிடைப்பது கறுப்பாக, இனிப்பாக ஏதோ ஒன்று. அதற்கு இத்தனை நாள் கொடி வளர்த்திருக்க வேண்டாம்.

ஆகவே முதலில் சாறு. திராட்சை பறித்த பிறகு பழுக்காது. கொத்து நன்றாகக் கறுத்த பிறகே கத்தரியுங்கள். மேலே படிந்திருக்கும் வெண்பொடியை மருந்து என்று பயப்படுகிறார்கள். அது பழம் தானே சுரக்கும் மெழுகு. சமைக்கும்வரை கழுவாமல் வைத்தால் அதுவே பழத்தைக் காக்கும். கழுவி, காம்பு நீக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுக் கையாலோ மத்தாலோ மசியுங்கள். இரும்புச் சட்டி கூடாது, சாறு கறுத்துவிடும். மிக்ஸியும் வேண்டாம், விதை உடைந்தால் துவர்ப்பு இறங்கி, அப்புறம் எத்தனை சர்க்கரை கொட்டினாலும் போகாது. தண்ணீர் ஊற்றாமல் சிறுதீயில் 60, 65 டிகிரிவரை சூடேற்றி, பத்து நிமிஷம் மூடி வையுங்கள். கொதி வரவே கூடாது.

வடிகட்டத்தான் துணி வேண்டும். திருப்பூரில் துணிக்கா பஞ்சம் என்று கட்டிங் வேஸ்ட்டைத் தேடாதீர்கள். பனியன் துணி இழுத்தால் விரியும், சக்கையும் சேர்ந்து இறங்கும். சாயம் ஏற்றிய துணி என்றால் கேட்கவே வேண்டாம். தறியில் நெய்த காடாத்துணியை வெந்நீரில் அலசிக் கட்டித் தொங்கவிடுவதே சரி. சாறு தெறித்த வெள்ளைச் சட்டையில் உடனே சோப்புப் போடாதீர்கள்; காரம் பட்டால் திராட்சைச் சிவப்பு நீலமாகும். முதலில் எலுமிச்சைச் சாறு, பிறகு வெந்நீர்.

வடிந்த சாற்றை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் கண்ணாடித் தூள் போலப் படிகங்கள் தங்கும். அதைப் பார்த்துவிட்டுச் சாற்றைக் கொட்டியவர்கள் உண்டு. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, திராட்சையிலேயே இருப்பது. தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் ஊற்றி அப்படியே அலமாரியில் வைத்தால் நொதித்து மூடி தெறிக்கும். இதற்கு வழி கண்டவர் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். சர்ச் நற்கருணைக்குப் போதையில்லாத திராட்சை ரசம் வேண்டும் என்று, விஞ்ஞானி லூயி பாஸ்டரின் முறையைப் பின்பற்றி 1869-ல் சாற்றைப் பாட்டிலோடு சூடாக்கிப் பதப்படுத்தினார். நாமும் அதையே செய்யலாம். தண்ணீர்ப் பாத்திரத்தில் பாட்டில்களை நிற்கவைத்து, 80, 85 டிகிரியில் அரைமணி. ஸ்குவாஷ் என்றால் லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை. பதப்படுத்தும் பொடி சேர்ப்பவர்கள் கே.எம்.எஸ். வாங்க வேண்டாம், அது நிறத்தை வெளுத்துவிடும். நிறமுள்ள பழத்துக்குச் சோடியம் பென்சோயேட்தான். அதையும் பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் போடக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே வைன் போடலாமா என்ற கேள்வி வரும். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். வீட்டுக்குத்தானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

கொத்தில் பழுக்காத பச்சைக் காய்கள் நாலைந்து இருக்கும். எறியாதீர்கள். ஈரானில் இதைப் பிழிந்து புளிப்புக்குக் குழம்பில் விடுகிறார்கள். நம் கைக்கு ஏற்றது தொக்கு. நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, காயை விதை நீக்கிப் போட்டு, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, உப்பு, கொஞ்சம் வெல்லம். மாங்காய் கிடைக்காத ஆவணியில் தயிர்ச்சோற்றுக்கு வேறென்ன வேண்டும்?

உலர்திராட்சை முயற்சி மட்டும் வேண்டாம். அது நாசிக், சாங்லி பக்கத்து விதையில்லா ரகங்களுக்கு. பன்னீரைக் காயவைத்தால் மிஞ்சுவது தோலும் விதையும்தான்.

இடம் இருந்தால் இரண்டாவது கொடி ஒன்று நடுங்கள். ஒன்றைக் கவாத்து செய்து இருபது நாள் கழித்து மற்றதைச் செய்யுங்கள். கூடைகள் ஒரே வாரத்தில் வந்து குவியாது.