துருவுக்குத் தப்பிய எஃகு

காயலான் கடையில் எல்லாமே எடைக்கணக்குதான். உடைந்த சைக்கிள் பெடலும் இங்கிலாந்தில் செய்த இழைப்புளியும் ஒரே தராசில் ஏறும். மின்கருவிகள் வந்தபிறகு பழைய தச்சுக் கருவிகள் பல அங்கேதான் போய்ச் சேருகின்றன. அவற்றைத் தேடி எடுத்து மறுபடி வேலைக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. பொரிந்து கிடக்கும் துருவைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். ஆனால் பழைய உளிக்குத் துருவைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அதை வாங்கியவர் ஆர்வக்கோளாறில் கையில் எடுக்கும் கிரைண்டர்தான் அது.

காரணம் எஃகின் உள்ளே இருக்கிறது. உளியின் அலகு, இரும்போடு ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன் சேர்ந்தது. சுமார் 800 டிகிரி செல்சியஸில் செக்கச்செவேலென்று காய்ந்திருக்கும்போது கார்பன் அணுக்கள் இரும்பு அணுக்களுக்கு இடையே கரைந்து பரவியிருக்கும். அந்த நிலையில் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால், வெளியேற நேரமில்லாமல் அவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். படிக அடுக்கு இழுபட்டு விறைத்துவிடும். மார்ட்டென்சைட் எனப்படும் இந்த நிலையில் எஃகு கண்ணாடிபோலக் கடினம், கண்ணாடிபோலவே நொறுங்கும். அதனால் மறுபடி 200 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி, விறைப்பைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். கொல்லுப் பட்டறையில் துவைச்சல் போட்டுப் பதம் பார்ப்பதில் நடப்பது இவ்வளவும்தான்.

துரு இந்த அமைப்பைக் கலைப்பதில்லை. வெளியிலிருந்து அரித்துக்கொண்டு வரும். அது எட்டாத ஆழத்தில் பதம் அப்படியே இருக்கும். கிரைண்டர் அப்படியல்ல. கூர்முனை மெல்லியது, அங்கே எழும் சூடு பரவிப் போக இடமில்லை. கண்ணிமைப்பதற்குள் முனையில் நீலம் ஏறும். அது சாயமல்ல, இரும்பின் மேல் படர்ந்த ஆக்சைடு ஏடு. ஏட்டின் தடிப்புக்கு ஏற்ப நிறம் மாறும்: 230 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 300ஐ நெருங்கும்போது நீலம். நீலத்தைப் பார்த்தால், சிக்கியிருந்த கார்பன் நகர்ந்து பதம் இறங்கிவிட்டது என்று பொருள். நீலம் ஏறிய பகுதி இருக்கும்வரை எத்தனை முறை சாணை பிடித்தாலும் அந்த முனையில் கூர் நிற்காது.

குவியலில் எதை எடுக்கலாம்? முதலில் அலகின் தட்டையான முதுகைப் பாருங்கள். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. சரிவான பக்கத்தைச் சாணையில் புதுப்பித்துக்கொள்ளலாம். முதுகில் முனையருகே துருக்குழி ஆழமாக விழுந்திருந்தால், தீட்டத் தீட்ட ஏதாவதொரு குழி கோட்டில் வந்து நின்று பல்லிளிக்கும். இழைப்புளி என்றால் அலகு வெளிவரும் வாயைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உடல் வார்ப்பிரும்பு; கீழே விழுந்தால் பிளந்துவிடும். அப்படிப் பிளந்ததை விட்டுவிடுவதே மேல்.

பழைய ஆங்கிலேய உளிகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரை இருக்கும். வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் உருவாக்கிய மூசை எஃகின் அடையாளம் அது. அரிய சரக்கு என்பதால் பல அலகுகளில் முனைப்பகுதிக்கு மட்டும் மெல்லிய தகடாக அதை வைத்து, மீதியைச் சாதா இரும்பில் அடித்து இணைத்திருப்பார்கள். சரிவைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் இரண்டும் சேருமிடம் கோடாகத் தெரியும். மூசையில் எஃகு உருக்கும் கலை தென்னிந்தியாவில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. ஊட்ஸ் என்ற அந்த எஃகை 1795இலேயே லண்டனில் ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து எழுதினார். பிறகு மைக்கேல் ஃபாரடேயும் அதில் மண்டையை உடைத்துக்கொண்டார்.

ஸ்டான்லி இழைப்புளி கிடைத்தால் வயதுகூடக் கணிக்கலாம். இழைப்புளிகளுக்கு லியனார்ட் பெய்லி பெற்றிருந்த காப்புரிமைகளை அந்த நிறுவனம் 1869இல் வாங்கியது. அடித்தட்டில் 1910 ஏப்ரல் 19 என்ற காப்புரிமைத் தேதி வார்க்கப்பட்டிருந்தால், கருவி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

துருவை எடுக்கப் பொறுமைதான் வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். திருகுகள் இறுகிப்போவது அதனால்தான். மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறட்டும். முரட்டுத்தனமாகத் திருகி உடைத்துவிட்டால், ஸ்டான்லி திருகுகளின் மரை வழக்கமான அளவில் இல்லாததால் ஹார்டுவேர் கடையில் மாற்று கிடைக்காது.

பிறகு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் ஓர் இரவு. இந்த அமிலம் துருவைக் கரைப்பதோடு, இரும்பு அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும். மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். எடுத்ததும் சலவை சோடா நீரில் கழுவி, உடனே உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் பூச வேண்டும்; தாமதித்தால் கண்ணெதிரேயே மஞ்சள் பூக்கும்.

மின்பகுப்பும் நல்ல வழி: சலவை சோடா கரைசல், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், எதிர்முனையில் கருவி, நேர்முனையில் வேண்டாத இரும்புத் தகடு. வெளியாவது ஹைட்ரஜன், திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் மட்டும் கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் நீரில் இறங்கும்.

முந்தைய உரிமையாளர் யாராவது கிரைண்டரில் வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் வந்தால், நல்ல அரத்தால் முனையோரம் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் பதம் இருக்கிறது. கடித்தால் போய்விட்டது. நீலம் ஏறிய ஆழம்வரை மெதுவாக, அடிக்கடி நீரில் நனைத்துத் தேய்த்தால் அடியில் நல்ல எஃகு வரலாம். வராவிட்டால் கொல்லரிடம் கொடுத்து, காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கச் சொல்லலாம். மெல்லிய அலகு கோணிப்போகும் வாய்ப்பும் உண்டு. மீதி வேலையை வீட்டு கேக் அடுப்பே செய்துவிடும்: 200 டிகிரியில் ஒரு மணி நேரம், வெளிர் மஞ்சள் தெரியும்வரை.