ஊர் வெயில் வேறு, சிங்கப்பூர்ப் புழுக்கம் வேறு

வெளியிடங்களில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு வெயில் புதிதல்ல. வேலூரிலும் கரூரிலும் திருச்சியிலும் கத்திரி நாள்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிங்கப்பூரில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரிக்குள்தான் இருக்கும். 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதம் அங் மோ கியோவிலும் 37 டிகிரி பதிவானபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். புதிதாக வரும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால், ஊரில் 40 டிகிரியில் வேலை செய்து பழகியவரும் இங்கு 33 டிகிரியில் மயங்கி விழக்கூடும். அது ஏன் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வேர்வை காய வேண்டும்

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வேர்வை. வேர்த்தால் மட்டும் உடல் குளிராது. அந்த வேர்வை காற்றில் காய வேண்டும். காயும்போதுதான் அது உடலின் சூட்டை எடுத்துச் செல்லும்.

உங்கள் ஊரில் மே மாதம் கொடியில் போட்ட ஈர வேட்டி சிறிது நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். இங்கு விடுதியில் துவைத்துப் போட்ட சட்டை மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். காற்றில் உள்ள ஈரம்தான் காரணம். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலிலும் 60 விழுக்காடு அளவில் இருக்கும். சட்டை எப்படிக் காயாமல் கிடக்கிறதோ, அப்படித்தான் உங்கள் வேர்வையும். உடல் மேலும் மேலும் வேர்க்கும். தண்ணீரும் உப்பும் போகும். சூடு மட்டும் உள்ளேயே தங்கிவிடும்.

நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்குப் புழுக்கம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். அவர்களும்கூட முழுக்கைச் சட்டை, தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, இடுப்பு வார் எல்லாம் அணிந்து அந்தப் புழுக்கத்தில் கம்பி கட்டியிருக்க மாட்டார்கள். கனமான வேலை செய்யும்போது உடலுக்குள்ளிருந்தும் சூடு உண்டாகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இங்கு ஏப்ரல், மே மாதங்கள் சற்றுக் கூடுதலாகச் சூடாக இருக்கும். ஆனால் கோடை முடிந்தது, இனிக் கவலை இல்லை என்று சொல்லக்கூடிய மாதம் இங்கு கிடையாது.

கைத்தொலைபேசியில் காட்டும் 32 வேறு, வேலையிடப் பலகையில் எழுதும் 32 வேறு

வேலையிடத்தில் "டபிள்யூபிஜிடி" என்ற அளவைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். இது காற்றின் சூடு, ஈரப்பதம், காற்றோட்டம், வெயிலின் நேரடிச் சூடு ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு. சாதாரண வானிலைச் செய்தியில் 32 டிகிரி என்றால் அது வழக்கமான நாள். ஈரக்குமிழ் வெப்பநிலை 32 என்றால் அது எச்சரிக்கை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "32 தானே" என்று விட்டுவிடுவதுதான் நாம் அடிக்கடி கேட்கும் குழப்பம்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 31க்குக் கீழ் இருந்தால் வெப்ப அபாயம் குறைவு. 31 முதல் 33க்குள் நடுத்தரம். 33ஐத் தொட்டால் அதிகம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் "மைஎன்வி" செயலியில் இதைப் பார்க்கலாம். பெரிய கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் முதலாளி அந்த இடத்திலேயே கருவி வைத்து அளக்க வேண்டும். வெளியில் வேலை நடக்கும்போது மணிக்கு ஒருமுறை அளவைப் பார்க்க வேண்டும் என்பது 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதி.

கனமான வேலை செய்பவருக்கு, அளவு 32ஐ எட்டினால் மணிக்குக் குறைந்தது 10 நிமிடமும், 33ஐ எட்டினால் மணிக்குக் குறைந்தது 15 நிமிடமும் நிழலில் ஓய்வு தர வேண்டும். இது மேற்பார்வையாளர் உங்களுக்குச் செய்யும் சலுகை அல்ல. அந்த 10 நிமிடத்தில் வெயிலில் நின்றுகொண்டு கைத்தொலைபேசி பார்ப்பதும் ஓய்வு அல்ல. நிழலுக்குப் போங்கள், தலைக்கவசத்தைக் கழற்றுங்கள், கையையும் முகத்தையும் கழுவுங்கள், ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

செயலியில் காட்டும் அளவு உங்கள் பகுதிக்கானது. காற்று வராத பள்ளம், கப்பலின் தொட்டி, வெயிலில் காய்ந்த இரும்புத் தளம் ஆகியவற்றில் சூடு அதைவிட அதிகமாக இருக்கும். அங்கு எண்ணை மட்டும் நம்பாமல் உங்கள் உடல் சொல்வதையும் கேளுங்கள்.

முதல் ஏழு நாள்

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வெப்பத்தால் கடுமையாகப் பாதிக்கப்படுபவர்களில் பலர், புதிய இடத்தில் வேலை தொடங்கிய முதல் சில நாள்களிலேயே பாதிக்கப்படுகிறார்கள். உடல் ஒரு புதிய வெப்பத்திற்குப் பழக நாள் பிடிக்கும். பழகிய உடல் சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும். வேர்வையில் போகும் உப்பின் அளவு குறையும். இதயத்தின் பளுவும் குறையும். இது மன உறுதியால் வருவதல்ல. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக வேலை நேரத்தைக் கூட்டினால்தான் வரும்.

அதனால்தான் புதிதாக வந்தவர்களுக்குக் குறைந்தது 7 நாள் வெளிவேலையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று விதி உள்ளது. முகவருக்குக் கட்டிய பணம், வட்டி, வீட்டு நிலைமை எல்லாம் மனத்தில் இருக்கும்போது, முதல் நாளே நன்றாக உழைத்து மேற்பார்வையாளரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த முதல் வாரம்தான் உங்கள் உடலுக்கு மிக ஆபத்தான வாரம்.

பழைய ஊழியர்களுக்கும் இது பொருந்தும். பொங்கலுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் தங்கித் திரும்பினால், உடல் பழகியது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். பத்து ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்த வாரம் நீங்கள் புதியவர்தான். காய்ச்சலில் படுத்து எழுந்தவரும் அப்படியே.

தண்ணீர், சாப்பாடு, தூக்கம்

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒருமுறையாவது, ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் குடியுங்கள். 600 மில்லிலிட்டர் போத்தல் என்றால் இரண்டு மணி நேரத்தில் ஒன்று காலியாக வேண்டும். கழிப்பறை தொலைவில் இருக்கிறது, மேலிருந்து இறங்கிப் போக வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் குடிக்கிறீர்கள். கடுந்தேநீர் நிறத்தில் இருந்தால் உடலில் தண்ணீர் மிகவும் குறைந்திருக்கக்கூடும். தண்ணீர் குடித்த பிறகும் நிறம் மாறாவிட்டால், அல்லது தசை வலியும் சேர்ந்திருந்தால், மருத்துவரைப் பாருங்கள்.

வேர்வையோடு உப்பும் போகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டாலே பெரும்பாலும் அது ஈடாகிவிடும். சிக்கல் என்னவென்றால், விடியற்காலையில் வந்த சாப்பாட்டுப் பொட்டலம் மதியத்திற்குள் ஊசிப்போய், அதைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவது. சமைத்து நான்கு மணி நேரத்திற்குள் சாப்பிட வேண்டிய உணவு அது. பொட்டலத்தில் நேரம் அச்சிட்டிருந்தால் பாருங்கள். தொடர்ந்து கெட்டுப்போன சாப்பாடு வந்தால் விடுதி அலுவலகத்திலோ முதலாளியிடமோ சொல்லுங்கள். பாக்கெட்டில் இரண்டு வாழைப்பழமோ பிஸ்கட்டோ வைத்துக்கொள்வது நல்லது. வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று வெயிலில் வேலை செய்யக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்து, மருத்துவரைப் பாருங்கள்.

நோன்பு இருப்பவர்களும் விரதம் இருப்பவர்களும் அதை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கனமான வேலையைக் காலை நேரத்திற்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

ஞாயிறு இரவு நண்பர்களோடு மது அருந்தினால் அதன் விளைவு திங்கள் காலை வெயிலில் தெரியும். மது உடலின் நீரைக் குறைக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். தூக்கம் குறைந்த உடல் வெப்பத்தைத் தாங்காது. அதிகாலையில் லாரி ஏற வேண்டியவர் நள்ளிரவு வரை வீட்டாரோடு காணொளியில் பேசிக்கொண்டிருப்பதும் அப்படித்தான். வீட்டாரிடம் உங்கள் தூங்கும் நேரத்தைச் சொல்லிவையுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும், சளிக்கு வாங்கும் மாத்திரைகள் சிலவும் உடல் வெப்பத்தைச் சமாளிப்பதைக் கடினமாக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெளியில் வேலை செய்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள்

தசைப்பிடிப்பு, தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தள்ளாடுதல் ஆகியவை உடல் கொடுக்கும் முதல் எச்சரிக்கை. உடனே வேலையை நிறுத்தி, நிழலுக்குப் போய், தண்ணீர் குடியுங்கள். கூட இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாகப் போய் ஒரு மூலையில் படுத்துவிடாதீர்கள்.

அடுத்த நிலை உயிருக்கு ஆபத்தானது. ஆங்கிலத்தில் "ஹீட் ஸ்ட்ரோக்" என்பார்கள். உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை, சிறுநீரகம், ஈரல் எல்லாம் பாதிக்கப்படும். அந்த நிலையில் இருப்பவர் சம்பந்தமில்லாமல் பேசுவார். பெயர் கேட்டால் குழறுவார். காரணமில்லாமல் கோபப்படுவார். வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். "அவருக்கு வேர்க்கிறதே, அப்படியானால் இது அதுவல்ல" என்று நினைக்காதீர்கள். உழைக்கும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் உடல் வேர்த்துக்கொண்டே இருக்கலாம். பேச்சும் நடத்தையும் மாறுவதுதான் முக்கிய அடையாளம்.

நம் ஆள்கள் அன்போடு செய்யும் ஒரு காரியம் இங்கு ஆபத்தாகிவிடுகிறது. "வெயில் மயக்கம், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்து, அறையில் படுக்க வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். தைலம் உட்சூட்டைக் குறைக்காது. காய்ச்சல் மாத்திரையும் குறைக்காது. தனியாகப் படுக்க வைத்தவர் எழாமலே போகலாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒருவர் 995ஐ அழைக்கட்டும். அதே நேரத்தில் மற்றவர்கள் அவரை நிழலுக்குக் கொண்டுபோய், தலைக்கவசம், காலணி, மேலாடை எல்லாவற்றையும் கழற்றுங்கள். உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். குழாய், வாளி, குடிதண்ணீர்ப் போத்தல், எது கையில் கிடைத்தாலும் சரி. அட்டையால் விடாமல் விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். அந்தச் சில நிமிடங்கள் மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சைக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை.

மேற்பார்வையாளரின் அனுமதிக்காகக் காத்திருக்காமல் 995ஐ அழைக்கலாம். ஆங்கிலம் அவ்வளவாக வராவிட்டாலும் "ஹீட் ஸ்ட்ரோக்" என்ற இரண்டு சொல்லும் இடத்தின் முகவரியும் சொன்னால் போதும்.

சொன்னால் வேலை போய்விடுமா?

மயக்கம் வந்தும் சொல்லாமல் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான் சொல்வதில்லை. பயம் புரிகிறது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாதுகாப்புக் குறையை அதிகாரிகளிடம் தெரிவித்ததற்காக ஊழியரை வேலையிலிருந்து நீக்குவது குற்றம். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் அதிக வெப்பத்தால் வரும் நோய்களும் இருக்கின்றன. மருத்துவரிடம் போகும்போது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது உடம்புக்கு முடியாமல் போனது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "சும்மா தலைவலி" என்று சொன்னால் அவர் எழுதும் குறிப்பிலும் அதுவே இருக்கும்.

ஓய்வு தரவில்லை, தண்ணீர் வைக்கவில்லை, நிழல் இல்லை என்றால் மனிதவள அமைச்சை 6438 5122 என்ற எண்ணில் அழைக்கலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற எண் 24 மணி நேரமும் இயங்கும். இந்த இரண்டு எண்களையும் 995ஐயும் இன்றே கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். கூடவே உங்கள் வேலையிடத்தின் முகவரியையும், எந்த வாசல் வழியாக ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியும் என்பதையும் எழுதிவையுங்கள். வேலையிடம் மாறும்போது அதையும் மாற்றி எழுதுங்கள்.