மௌனத்துக்குச் சோறு போடுகிறவர்கள்

சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கம் ஓடும் ரேஸ் கோர்ஸ் சாலையில் இரண்டு பௌத்தக் கோயில்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று தாய்லாந்துத் துறவி வுத்திசாரர் 1927இல் தொடங்கிய சாக்கியமுனி புத்தகயா கோயில். பதினைந்து மீட்டர் உயரப் புத்தரைச் சுற்றி எரியும் விளக்குகளால் அதற்கு ஆயிரம் விளக்குக் கோயில் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மற்றது சுன் வூ என்ற சீனத் துறவி 1917இல் தொடங்கிய லியோங் சான் சீ. சுற்றுலாக் கையேடுகள் துறவிகளின் பெயரோடு கதையை முடித்துக்கொள்ளும். ஆனால் முதல் கோயிலின் இன்றைய கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் டைகர் பாம் தைலம் விற்றுச் செல்வந்தரான ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் சகோதரர்கள். இரண்டாவது கோயிலைக் கட்ட டான் பூன் லியாட் என்ற வணிகர் உதவினார். பணம் வந்து கட்டடம் எழுந்த பிறகும் விளக்கை மாற்றவும், மின்கட்டணம் கட்டவும், துறவிக்கு நண்பகலுக்குள் உணவு வைக்கவும், கணக்கை ஆண்டுதோறும் அரசிடம் ஒப்படைக்கவும் ஆட்கள் வேண்டும். கோயிலானாலும் விகாரையானாலும் பத்து நாள் வாய் திறக்காமல் உட்காரும் தியான நிலையமானாலும் அதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் துறக்காதவர்கள். காலம் கெட்டுவிட்டதால் இப்படி ஆகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் பௌத்தம் தொடக்கத்திலேயே போட்டுவைத்த ஏற்பாடு இது.

துறவிகளுக்கான விநய விதிகளைப் பார்த்தாலே இது விளங்கும். தேரவாதப் பிக்கு பொன்னையும் வெள்ளியையும் கையால் வாங்கக் கூடாது. மண்ணைத் தோண்டக் கூடாது. செடியை வெட்டக் கூடாது. பிறர் கையால் தரப்படாத எதையும் உண்ணக் கூடாது, நண்பகலுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, கிடைத்த உணவை மறுநாளைக்கு எடுத்துவைக்கவும் கூடாது. இத்தனையையும் ஒருவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அவரால் ஒரு நாளைக்குக்கூடத் தனியாக வாழ முடியாது. உலகைத் துறந்தவரை ஒவ்வொரு காலையும் உலகத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதற்காகவே எழுதப்பட்ட விதிகள் போல இருக்கின்றன இவை. காட்டில் கிழங்கு தோண்டித் தின்று யாரையும் சாராமல் தவம் செய்யும் முனிவருக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பிக்கு செய்யக் கூடாததைச் செய்து தருவதற்கென்றே ஓர் இல்லறத்தார் வேண்டும். பாலி நூல்கள் அவரைக் கப்பியகாரர் என்று அழைக்கின்றன. இலங்கை விகாரைகளில் இந்தப் பொறுப்பு ஊர்க்காரர்கள் கூடிய தாயக சபைகளிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் அதே வேலையை நிர்வாகக் குழுவும் தொண்டூழியர்களும் செய்கிறார்கள்.

தியானம் என்றதும் மனத்தில் எழும் படம் பாலைவனம்; மணலும் வெறுமையும், நடுவில் ஒற்றை மனிதர். உண்மையில் பாலைவனத்துப் பௌத்தம்தான் கணக்குப் புத்தகங்களை அதிகம் விட்டுச் சென்றிருக்கிறது. கோபிப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள துன்ஹுவாங்கில், மொகாவ் குகைகளில் ஒன்றுக்குள் மூடிக் கிடந்த சுவடிக் குவியல் 1900இல் வெளிப்பட்டது. சூத்திரங்களோடு அங்கே கிடைத்த ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டு ஏடுகள் மடங்களின் வரவுசெலவைச் சொல்கின்றன. மடங்களுக்கு எண்ணெய்ச் செக்குகளும் மாவாலைகளும் இருந்தன. வசந்தத்தில் உழவர்களுக்குத் தானியம் கடன் கொடுத்து அறுவடையில் வட்டியோடு திரும்ப வாங்கினார்கள். ஆளில்லாத இடத்தில் தியானக் குகை வைத்தால் நீரையும் மாவையும் எண்ணெயையும் யாராவது சுமந்து வர வேண்டியிருக்கிறது. ஆகவே இடம் எவ்வளவு வெறுமையோ நிர்வாகம் அவ்வளவு கனமாகிறது.

தமிழ் மண்ணில் இதற்கு இன்னும் துல்லியமான சான்று உண்டு. அதில் சிங்கப்பூரைச் சூழ்ந்த இந்தக் கடற்பகுதிக்கும் பங்கு உண்டு. ஸ்ரீவிஜய அரசன் மாரவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரை எழுப்பினான். அந்த விகாரைக்கு இராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ஒதுக்கினான். லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் சாசனம் அந்த வருவாயை எண்ணிச் சொல்கிறது: 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல். பெண் யானையை நடத்தி எல்லை வகுத்ததும், அதற்குச் சாட்சி நின்ற அதிகாரிகள், ஊரவர்களின் பெயர்களும் சாசனத்தில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் உள்ளே தியானத்தில் அமர்ந்திருந்த பிக்குகளின் பெயர்களைத் தேடிப் பயனில்லை. சைவ அரசன் ஒருவன், கடல்கடந்த பௌத்த அரசன் கட்டிய விகாரைக்கு, வேளாண் ஊர் ஒன்றின் விளைச்சலை எழுதிக் கொடுக்கிறான். இதை மத நல்லிணக்கம் என்று மேடையில் பாராட்டுவது எளிது. அதைவிட முக்கியமான செய்தி, அந்தக் காலத்திலேயே ஒரு விகாரையை உயிரோடு வைக்க என்ன தேவைப்பட்டது என்பதுதான். ஓர் ஊரின் நெல் தேவைப்பட்டது, அதை அளந்து கொண்டுவந்து சேர்க்க ஒரு நிர்வாகமும் தேவைப்பட்டது.

சிங்கப்பூரில் ஒதுக்கிக் கொடுக்க ஊர் கிடையாது. நெல்லின் இடத்தை இங்கே நிலம் எடுத்துக்கொண்டிருக்கிறது. தேக்கா வட்டாரத்தின் கிந்தா சாலையில் 1875இல் உ தா ஹ்னின் என்பவர் தொடங்கிய பர்மியக் கோயிலின் வரலாறு இதை நன்றாகக் காட்டும். பின்னாளில் அதன் பொறுப்பை ஏற்ற உ சோ கவுங் ஒரு நாட்டு வைத்தியர். மண்டலைக்கு வடக்கே சாஜின் மலையில் வெட்டிய பளிங்கில், பத்து டன் எடையுள்ள புத்தர் சிலையைச் செதுக்கச் செய்து சிங்கப்பூருக்குக் கப்பலில் வரவழைத்தவர் அவர். அவருக்குப் பின் குடும்பத்தினர் கோயிலைக் கவனித்தார்கள். 1980களில் நகர மறுசீரமைப்பு வந்தபோது கோயில் கிந்தா சாலையை விட்டு, பாலஸ்டியர் பக்கம் தாய் ஜின் சாலைக்குப் போனது. புதிய கட்டடம் 1991இல் திறக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்த ஒரு கோயிலை இடம் மாற்றுவதென்றால் நிலம் தேட வேண்டும், அரசுத் துறைகளோடு பேச வேண்டும், கட்டடக்கலைஞரையும் ஒப்பந்தக்காரரையும் அமர்த்த வேண்டும், பல லட்சம் வெள்ளி திரட்ட வேண்டும். பணத்தைத் தொடக் கூடாத ஒரு பிக்கு இதில் எதைச் செய்திருக்க முடியும்? செயின்ட் மைக்கேல் சாலையிலுள்ள ஸ்ரீ லங்காராமய விகாரையும் சிங்கள சமூகத்தினர் சங்கமாகக் கூடி 1952இல் எழுப்பியதுதான். இன்று புதிதாக ஒரு வழிபாட்டிடம் தொடங்குகிறவர்களுக்கு அரசு நிலம் பொதுவாக 30 ஆண்டுக் குத்தகைக்கே கிடைக்கிறது. முப்பது ஆண்டு கழித்துக் குத்தகைக்காகக் கட்ட வேண்டிவரும் ஒரு தொகைக்கு இன்றிலிருந்து சேர்த்துவைப்பதை எந்தத் தியான நூலும் கற்றுத்தருவதில்லை. அது பொருளாளரின் வேலை. வெளிநாட்டுத் துறவி இங்கே தங்கிப் போதிக்க வேண்டுமென்றால் அதற்கான அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் நிர்வாகம்தான். இந்துக்களுக்கு இந்து அறக்கட்டளை வாரியம் என்ற சட்டபூர்வ அமைப்பு இருந்து நான்கு கோயில்களை நடத்துகிறது. பௌத்தர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. 1949இல் உருவான சிங்கப்பூர் பௌத்த சம்மேளனம் விரும்பிச் சேரும் கூட்டமைப்பு. ஒவ்வொரு விகாரையும் தன் சுமையைத் தானே தூக்க வேண்டியிருக்கிறது.

மௌன வகுப்புகளில் இந்த உழைப்பு இன்னும் கூர்மையாகத் தெரியும். மண்டலையில் மார்வாரி வணிகக் குடும்பத்தில் பிறந்த எஸ்.என்.கோயங்கா, பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த உ பா கின்னிடம் விபாசனா தியானம் கற்று 1969இல் இந்தியாவுக்கு வந்தார். குரு அரசாங்கக் கணக்கர், சீடர் வியாபாரி; இருவரும் துறவிகள் இல்லை. இகத்புரியில் தொடங்கி இன்று சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும், பாலைவனத்தின் ஓரத்து ஜோத்பூரிலும், கலிஃபோர்னியப் பாலைவனத்து ட்வென்டிநைன் பாம்ஸிலும் அவர் வகுத்த முறையில் நிலையங்கள் நடக்கின்றன. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். ஆறரைக்குப் பசியாறல், பதினொன்றுக்கு மதிய உணவு, மாலை ஐந்துக்குத் தேநீர். வந்தவர்கள் பத்தாம் நாள் காலைவரை தங்களுக்குள் பேச மாட்டார்கள், பாத்திரம் எங்கே என்றுகூட ஒருவரையொருவர் கேட்க மாட்டார்கள். நூறு பேர் உட்கார்ந்தால் பத்து நாளில் இரண்டாயிரம் வேளைச் சாப்பாடு. சமைப்பவர், பரிமாறுபவர், மணி அடிப்பவர், மேலாளர் எல்லாரும் பெரும்பாலும் ஏற்கெனவே அந்த வகுப்பை முடித்தவர்கள். சம்பளமில்லாமல் வந்து, தாங்களும் தினம் மூன்று வேளை மற்றவர்களோடு அமர்ந்து தியானித்துவிட்டு, அடுப்படிக்குத் திரும்புகிறவர்கள். கட்டணம் கிடையாது. வகுப்பை முடித்தவர் மட்டுமே நன்கொடை தரலாம். அந்தப் பணம் அடுத்து வருகிறவருக்குச் சோறாகிறது. முன்பின் தெரியாத ஒருவர் போட்ட சோற்றைத் தின்றுதான் எவரும் அங்கே மௌனம் பழக முடியும். விநயம் பிக்குவை வைத்த அதே இடத்தில் இந்த முறை, பத்து நாளைக்கு, ஒரு வங்கி ஊழியரையும் வைக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. எல்லாப் பௌத்தமும் இப்படி இல்லை. எட்டாம் நூற்றாண்டில் சீனத்தின் பாய்ஜாங் ஹுவாய்ஹாய் தன் துறவிகளை வயலில் இறக்கி உழைத்து உண்ணச் சொன்னாரே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். லியோங் சான் சீயும், பிஷான் பக்கமுள்ள மாபெரும் கோங் மெங் சான் மடமும் அந்தச் சீன மரபிலிருந்தே வந்தவை. ஆனால் துறவி தானே உழைத்தாலும் உழைப்பை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டியிருந்தது. சீன மடங்கள் பொருளாளர், கண்காணிப்பாளர், சமையல் தலைவர் என்று பதவிகளைப் பிரித்தன. ஜப்பானிய ஆசான் டோகன் 1237இல் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதி, அந்தப் பதவியை ஞானத்தில் முதிர்ந்தவருக்கே தர வேண்டும் என்று வாதிட்டார். நிர்வாகம் உள்ளேயே நடந்தது, இல்லாமல் போகவில்லை. கோங் மெங் சானும் இன்று அஸ்தி மாடங்களும் தகனச்சாலையும் நடத்தும் அளவுக்கு விரிந்த அமைப்பு.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: பணமும் குழுவும் வந்த இடத்தில் அதிகாரமும் ஊழலும் வரும். சிங்கப்பூருக்கு இது தெரியாத பாடம் இல்லை. ரென் சி மருத்துவமனையை நிறுவிய துறவி மிங் யீ, தொலைக்காட்சி நிதிதிரட்டுகளில் உயிரைப் பணயம் வைக்கும் சாகசங்கள் செய்து புகழ்பெற்றவர். தன் உதவியாளருக்கு அறநிறுவனப் பணத்தில் அனுமதியின்றி 50,000 வெள்ளி கடன் தந்த வழக்கில் 2009இல் குற்றவாளியானார். பத்து மாதச் சிறை, 2010இல் மேல்முறையீட்டில் ஆறு மாதமாகக் குறைந்தது. துறவிகளிடம் பணம் போனதன் விளைவு என்றும் இதைச் சொல்லலாம், நிர்வாகம் என்பதே ஆபத்து என்றும் சொல்லலாம். நான் முதலாவதைச் சொல்வேன். அங்கே குழு அதிகம் என்பது குறையில்லை. ஒரு மனிதர் மீதான பக்தி குழுவைக் கேள்வி கேட்க விடாமல் வைத்திருந்ததுதான் குறை. பிக்கு பணத்தைத் தொடக் கூடாது என்ற பழைய விதி, இன்றைய தணிக்கையாளர் கேட்கும் அதே கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிட்டது: செலவழிக்க முடிவெடுப்பவரும் பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பவரும் ஒருவரேயா? நிறுவனர் போன பின்னும் ரென் சி மூடப்படவில்லை. நிர்வாகத்தைச் சீரமைத்துக்கொண்டு இன்றும் முதியோரைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. இதற்காக எல்லாக் குழுக்களையும் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. பதவிச் சண்டையில் ஈடுபடாத கோயில் கமிட்டியைத் தமிழர்களாகிய நாம் எங்கே பார்த்திருக்கிறோம்?

குழுக்களுக்கு உண்மையில் வந்திருக்கும் நெருக்கடி வேறு. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர்களின் பங்கு 2000இல் 42.5 விழுக்காடு, 2010இல் 33.3, 2020இல் 31.1. எந்த மதமும் இல்லை என்பவர்கள் 20 விழுக்காடு. தியானத்தின் மீதுள்ள ஆர்வத்துக்குக் குறைவில்லை. கைப்பேசிச் செயலியிலும் அலுவலக நலத்திட்டத்திலும் அது பரவியிருக்கிறது. ஆனால் செயலியில் தியானிப்பவர் யாருக்கும் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை, எந்தக் குத்தகையையும் புதுப்பிக்க வேண்டியதில்லை. கோயங்காவின் முறை தன் அடுத்த தொண்டூழியரை ஒவ்வொரு வகுப்பிலும் தானே உருவாக்கிக்கொள்கிறது. ஓர் இனத்தின் சங்கமாகத் தொடங்கிய விகாரைக்கு அந்த வசதி கிடையாது. பேரப் பிள்ளைகளுக்கு மொழியே மறந்திருக்கும். வேறு எங்கிருந்தாவது ஆள் வர வேண்டும். தாய் ஜின் சாலைக் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள். வேலை தேடிச் சிங்கப்பூருக்கு வந்த மியன்மார்க்காரர்கள் விடுமுறை நாள்களில் அங்கே திரள்கிறார்கள். வைத்தியர் பளிங்கில் வரவழைத்த புத்தருக்கு முன் இன்று பூ வைப்பவர்களில் அவர்களே பெரும்பாலோர். வேலை அனுமதி முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டியவர்கள் அவர்களில் பலர் என்பதால், சாவிக்கொத்தை அடுத்து யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை.