தண்டுவடத்தை மட்டும் எழுப்பும் ரேடியோ அலை

ஊட்டியை அடுத்த முத்தோரையில், தெற்கு வடக்காகச் சரியும் மலையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் எழுந்தது. அது ஒரே நேரத்தில் பார்க்கும் வானம் கிழக்கு மேற்கில் இரண்டு பாகைக்கும் சற்று அதிகம். தெற்கு வடக்கிலோ ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான். கருவி எந்தத் திசையில் நீள்கிறதோ அந்தத் திசையில் பார்வை குறுகும். இதைக் கணக்கிட்டுச் சொல்வது ஃபூரியர் உருமாற்றம்.

எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள்ளும் அதே கணிதம்தான். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் படுத்திருப்பவரின் உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இசைகின்றன. அதன்மேல் ஒரு சாய்வுக் காந்தப்புலத்தைச் சேர்த்தால் அந்த அதிர்வெண் இடத்துக்கு இடம் மாறும். அப்போது அளந்து செய்த ரேடியோ துடிப்பு ஒன்றை அனுப்பி, உடலில் ஒரு வில்லையில் உள்ள அணுக்கருக்களை மட்டும் எழுப்பலாம். துடிப்பு நீண்டால் வில்லை மெலியும். துடிப்பைச் சட்டென்று வெட்டினால் வில்லைக்கு வெளியேயும் சலனம் கசியும் என்பதால், இரு முனைகளையும் மெல்லத் தேயவிடுவார்கள்.

சுண்டுவிரல் பருமனே உள்ள தண்டுவடத்தைப் படமெடுக்கும்போது இது போதாது. சட்டகத்தைச் சுருக்கினால், வெளியே உள்ள வயிறு மடிந்து வந்து படத்தின்மேல் விழும். முழு அகலத்தையும் அளந்தாலோ, அதிவேகப் படமுறைகளில் உருவம் கோணும். ஆகவே தேவையான பகுதியைத் தவிர மற்றதை எழுப்பாமலே விடவேண்டும்.

அதற்கான கணக்கை 1989இல் ஸ்டான்ஃபோர்டின் ஜான் பாலி, டுவைட் நிஷிமுரா, ஆல்பர்ட் மகோவ்ஸ்கி மூவரும் எழுதினார்கள். துடிப்பு ஒலிக்கும்போதே சாய்வுப் புலங்களை மாற்றிக்கொண்டு போனால், வயல் உழுவதுபோல் வரிவரியாக ஒரு கணிதத் தளம் நிரம்புகிறது. அப்படி நிரப்பியதன் ஃபூரியர் உருமாற்றமே உடலில் எழும் பகுதியின் வடிவம்; சிறு கோணத் துடிப்புகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஸ்வரூப் முனைவர் பட்டம் பெற்றதும் இதே ஸ்டான்ஃபோர்டில்தான். வழிகாட்டி, ஃபூரியர் உருமாற்றத்துக்குப் புகழ்பெற்ற பாடநூல் தந்த ரொனால்ட் பிரேஸ்வெல். இந்த உறவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்தக் கணிதத் தளத்தின் வரிகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால், எழும் பகுதிக்குப் பக்கத்திலேயே அதன் நகல்களும் எழுகின்றன. முத்தோரையிலும் இதே அபாயம் உண்டு. அங்கே தொலைநோக்கியின் 1056 ஆன்டெனாக்களை ஏறத்தாழ அரை மீட்டருக்கு ஒன்றாக, அலைநீளத்தில் பாதி தூரத்தில் நெருக்கி வைத்து அதைத் தவிர்த்தார்கள். எம்ஆர்ஐயில் வரிகளை நெருக்கினால் நகல்கள் விலகும். ஆனால் துடிப்பு நீண்டுபோய், அதிர்வெண் சற்றே வேறுபடும் கொழுப்பு இடம் பிசகி எழும். ஆகவே நகல்கள் உடலைத் தாண்டி விழும் அளவுக்கு மட்டும் வரிகளை நெருக்கலாம். அங்கே காற்றுதான், எழுப்புவதற்கு ஹைட்ரஜன் இல்லை.